கேட்கப்படாத சம்மதம்

நினைவுரையில் சட்டம் பேசுகிறேன் என்றால், காரணம் எங்கள் தெருப் பையன் ஒருவன். கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்டான். குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனான். வெளியே வந்தபோது பழக்கமும் கூடவே வந்தது.

1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் 39ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர், அதை உட்கொண்டதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ குற்றவாளி என்று தீர்ப்பானால், உடனே சிறைத்தண்டனை விதிக்காமல், அவர் சம்மதத்தோடு, அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த மருத்துவமனைக்கு நீதிமன்றம் அனுப்பலாம். அவர் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்து, ஓராண்டுக்குள் சிகிச்சை அறிக்கையோடு வர வேண்டும். கஞ்சாவில் சிறிதளவு என்பது 1 கிலோ வரை. அவனிடம் இருந்ததோ ஒரு பொட்டலம்.

'அனுப்பலாம்' என்கிறது சட்டம். 'அனுப்பியே தீர வேண்டும்' என்று சொல்லவில்லை. அப்படியானால் யாராவது எழுந்து கேட்க வேண்டும். அவனுக்காக யாரும் கேட்கவில்லை. இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாதவன் எதற்குச் சம்மதம் சொல்வான்?

கேட்பதற்கும் ஆள் உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி பெறலாம்.

சம்மதம் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். கட்டிப்போட்டு அடிப்பது சிகிச்சை ஆகாது. நம் பிள்ளை நோயாளி, மானமுள்ள நோயாளி. இந்த இரண்டு பிரிவுகளையும் நம் படிப்பகச் சுவர்களில் எழுதி வைப்போம். அடுத்த பையன் கூண்டில் ஏறும்போது, கேட்க ஒரு குரல் இருக்கட்டும். ஜெய் பீம்.