அந்த இலை என்ன நிறம்?

(கம்பம் பள்ளத்தாக்குப் பகுதி ஆசிரியர்களின் குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று பல ஊர்களிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். திறன்மிகு வகுப்பறையில் காணொலிகளைப் பயன்படுத்துவது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் தொழில்நுட்ப வல்லுநர் இல்லை, அறிவியல் ஆசிரியர். எனக்கு நேர்ந்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

ஒளிச்சேர்க்கைப் பாடத்துக்காக ஸ்டார்ச் சோதனையை வீட்டில் செய்து, புதிதாக வாங்கிய கைபேசியில் படம் பிடித்தேன். செம்பருத்தி இலையின் நடுவில் கறுப்புத் தாளைச் சுற்றி வெயிலில் வைத்து, பிறகு பச்சையம் நீக்கி அயோடின் விட்டேன். வெயில் பட்ட பகுதி கருநீலமானது. தாள் மறைத்த பகுதி வெளிறியே இருந்தது. கைபேசியில் பார்த்தபோது கண்ணைப் பறித்தது. அதைப் பென் டிரைவில் ஏற்றி, பள்ளித் தொலைக்காட்சியோடு இணைத்திருந்த ஸ்ட்ரீமிங் பெட்டியில் செருகிப் போட்டுக் காட்டினேன்.

அடுத்த வாரம் வளரறி மதிப்பீட்டில், "அயோடின் விட்ட பின் இலையில் கண்ட நிற மாற்றம் என்ன?" என்று கேட்டிருந்தேன். ஒன்பது பேர் "சாம்பல்" என்று எழுதியிருந்தார்கள். ஒன்பதுக்கும் தவறு போட்டேன். விடைத்தாளை வாங்கிய ஒரு மாணவி, "சார், டிவில அப்படித்தான் தெரிஞ்சுச்சு" என்றாள். "ஒழுங்காகக் கவனித்திருந்தால் தெரிந்திருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மாலையில் மனம் கேட்கவில்லை. காலி வகுப்பறையில் அதே காணொலியைப் போட்டுப் பார்த்தேன். வெளிறிய பகுதி மங்கிச் சாம்பலாக இருந்தது. கருநீலத்தில் நீலமே இல்லை. அவள் கவனித்துத்தான் எழுதியிருக்கிறாள். எனக்கு விடை முன்பே தெரியும் என்பதால், பாடம் நடத்தும்போது நான்தான் திரையைப் பார்க்கவில்லை.

அந்த நிறம் எங்கே போனது என்று தேடியபோது கற்றுக்கொண்டதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

நம் ஊர்த் திராட்சைத் தோட்டத்துக்கு வாருங்கள். பந்தலுக்கு அடியில் நின்று மேற்கே மலையைப் பாருங்கள். பந்தலின் நிழலில் தொங்கும் பன்னீர் திராட்சைக் குலையும் நமக்குத் தெரிகிறது. வெளியே வெயிலில் மின்னும் மேகமும் தெரிகிறது. இதையே சாதாரணப் படமாக எடுத்தால் ஒன்று குலை கறுத்துப்போகும், இல்லையென்றால் மேகம் வெறும் வெள்ளையாகிவிடும். மிக இருண்ட இடத்துக்கும் மிக ஒளியான இடத்துக்கும் உள்ள இடைவெளியைத்தான் ஒளி வீச்சு என்கிறோம். அதை அகலமாகப் பதிவுசெய்யும் முறைக்கு எச்.டி.ஆர். என்று பெயர். பழைய முறை எஸ்.டி.ஆர்.

திரையின் ஒளியை நிட் என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கேண்டலா என்பது ஒரு நிட். நாம் நடத்தும் ஏழு அடிப்படை அலகுகளில் ஒன்றான அதே கேண்டலாதான். பழைய முறைப் படங்கள் சுமார் 100 நிட் ஒளியை உச்சமாகக் கொண்டு தயாரிக்கப்பட்டவை. எச்.டி.ஆர். படங்கள் பெரும்பாலும் 1,000 நிட் அல்லது அதற்கு மேலும் உச்சம் வைத்துத் தயாரிக்கப்படுகின்றன. அவற்றில் பல பின்பற்றும் பி.கியூ. என்ற கணக்கு 10,000 நிட் வரை எழுத இடம் தருகிறது. 2014இல் அது தரப்படுத்தப்பட்டது. நிற நுணுக்கமும் கூடியது. பழைய 8 பிட் முறையில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 10 பிட் முறையில் 1,024 படிகள்.

சிக்கல் இங்கேதான். ஒரே எண்ணுக்கு இரண்டு கணக்கிலும் ஒரே பொருள் இல்லை. பி.கியூ. கணக்கில் 100 நிட் வெள்ளையைக் குறிக்கும் எண், அளவுகோலின் ஏறக்குறைய பாதியில்தான் வருகிறது. பழைய கணக்கு மட்டுமே தெரிந்த தொலைக்காட்சி அந்த எண்ணைப் பார்த்ததும் "இது சாம்பல்" என்று எடுத்துக்கொள்ளும். நிறங்களையும் அப்படியே குறைத்துப் படிக்கும். என் இலைக்கு நடந்தது அதுதான். என் கைபேசி எனக்குத் தெரியாமலே எச்.டி.ஆரில் பதிவுசெய்திருந்தது. பெட்டி அதை மாற்றாமல் அப்படியே அனுப்பியது. தொலைக்காட்சி தனக்குத் தெரிந்த கணக்கில் படித்தது.

எச்.டி.ஆர். ஒரே வகையாக இருந்தாலும் பரவாயில்லை. நடைமுறையில் நான்கு இருக்கின்றன.

முதலாவது எச்.டி.ஆர்.10. 2015இல் வந்தது. உரிமக் கட்டணம் இல்லாததால் எச்.டி.ஆர். தொலைக்காட்சிகள் ஏறக்குறைய எல்லாமே இதை ஏற்கும். இதில் படம் முழுவதற்கும் ஒரே ஒளிக்குறிப்புதான். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை ஒரு போகம் முழுவதும் ஒரே அளவில் திறந்துவிடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது டால்பி விஷன். 2014இல் அறிவிக்கப்பட்டது. காட்சிக்குக் காட்சி ஒளிக்குறிப்பு மாறும். வயலைப் பார்த்து மடையைத் திறப்பதுபோல. ஆனால் உரிமம் பெற்ற கருவிகளில்தான் வேலை செய்யும்.

மூன்றாவது எச்.டி.ஆர்.10 பிளஸ். சாம்சங்கும் அமேசானும் 2017இல் அறிவித்தது. இதிலும் காட்சிக்கேற்பக் குறிப்பு உண்டு. சாம்சங் தொலைக்காட்சிகள் டால்பி விஷனை ஏற்பதில்லை. வேறு சில நிறுவனங்களின் தொலைக்காட்சிகள் டால்பி விஷனை ஏற்று, எச்.டி.ஆர்.10 பிளஸை விட்டுவிடுகின்றன. பொதுவாக இரண்டும் எச்.டி.ஆர்.10க்கு இறங்கி வந்து சமாளிக்கும்.

நான்காவது எச்.எல்.ஜி. இங்கிலாந்தின் பி.பி.சி.யும் ஜப்பானின் என்.எச்.கே.யும் ஒளிபரப்புக்காக உருவாக்கியது. ஒரே அலைவரிசையைப் பழைய பெட்டி வைத்திருப்பவரும் புதிய பெட்டி வைத்திருப்பவரும் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். அதனால் இதன் கீழ்ப்பாதி பழைய கணக்கையே ஒத்திருக்கும். பழைய திரையிலும் ஓரளவு பார்க்கும்படி வரும், நிறம் சற்று வெளுக்கலாம்.

டால்பி விஷனில் ஸ்ட்ரீமிங்குக்கான ஒரு வகை உண்டு. அதைப் புரியாத கருவியில் ஓட்டினால் படம் முழுவதும் ஊதாவும் பச்சையுமாக மாறிவிடும். பன்னீர் திராட்சை ஊதாவாகத் தெரிந்தால் பரவாயில்லை, முகமும் ஊதாவாகத் தெரிந்தால் தொலைக்காட்சி கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். கோப்பின் வகை பொருந்தவில்லையா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காணொலி, பெட்டி, எச்.டி.எம்.ஐ. கேபிள், அது செருகப்பட்ட துளை, தொலைக்காட்சி ஆகிய ஐந்தும் ஒரே சங்கிலி. ஒன்று பின்தங்கினாலும் எல்லாம் அந்த அளவுக்கு இறங்கிவிடும். கேபிளைச் செருகியதும் "உன்னால் எதெல்லாம் முடியும்?" என்று பெட்டி கேட்கும், தொலைக்காட்சி தன் பட்டியலைத் தரும். நடுவில் பழைய ஸ்பிளிட்டர் இருந்தால் அந்தப் பட்டியல் சரியாகப் போய்ச் சேராது. எச்.டி.எம்.ஐ.யில் எச்.டி.ஆர்.10க்கு இடம் கிடைத்ததே 2015இல் வந்த 2.0ஏ பதிப்பில்தான். அதற்கு முந்தைய கருவியிடம் இதை எதிர்பார்க்க முடியாது. சில தொலைக்காட்சிகளில் ஒவ்வொரு துளைக்கும் தனி அமைப்பு உண்டு. அதை நாம் இயக்கினால்தான் அந்தத் துளை எச்.டி.ஆரை ஏற்கும்.

இனி நாம் செய்ய வேண்டியவை.

ஒன்று: பாடத்துக்காகப் படம் பிடிக்கும் முன் கைபேசிக் கேமரா அமைப்பில் எச்.டி.ஆர். வீடியோவை அணைத்துவிடுங்கள். 2020இல் வந்த ஐபோன் 12 முதல் அந்த வரிசைக் கைபேசிகள் டால்பி விஷனில் பதிவுசெய்கின்றன. வேறு பல கைபேசிகளிலும் எச்.டி.ஆர். வசதி உண்டு. எங்கும் சரியாக ஓடுவது பழைய எஸ்.டி.ஆர்.தான். வகுப்பறைக்கு அது போதும்.

இரண்டு: ஸ்ட்ரீமிங் பெட்டியின் காட்சி அமைப்பில் "எப்போதும் எச்.டி.ஆர்." என்று இருந்தால் மாற்றுங்கள். "உள்ளடக்கத்துக்கு ஏற்ப" என்று வையுங்கள். தொலைக்காட்சி பழையது என்றால் எஸ்.டி.ஆர். என்றே வைத்துவிடுங்கள்.

மூன்று: காணொலியின் முதல் சில விநாடிகளில் சிவப்பு, பச்சை, நீலச் சுண்ணக்கட்டிகளை ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் படம் பிடியுங்கள். வகுப்பில் அதே சுண்ணக்கட்டிகளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, "இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதா?" என்று பிள்ளைகளையே கேளுங்கள். தாள் வெள்ளையாகத் தெரியவில்லை என்றால் காணொலியை அங்கேயே நிறுத்திவிடலாம்.

நான்கு: பாடத்துக்கு முன், அந்த வகுப்பறையில், அந்தத் திரையில், பிள்ளைகள் உட்காரும் இடத்திலிருந்து ஒருமுறை பாருங்கள். கைபேசியில் பார்த்தது கணக்கில் வராது. ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.

ஐந்து: நிறமே விடையாக இருக்கும் பாடங்களில் திரையை மட்டும் நம்ப வேண்டாம். லிட்மஸ் தாள், மஞ்சள் தாளில் சோப்புக் கரைசல், அயோடின் சோதனை எல்லாமே நேரில் செய்யக்கூடியவை. தொடக்கப் பள்ளியில் நிறங்களின் பெயரைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். ஒரு மாம்பழமும் ஒரு வாழையிலையும் போதும்.

மறுநாள் காலை ஒன்பது விடைத்தாள்களையும் திரும்ப வாங்கினேன். காரணத்தை வகுப்பில் சொல்லி மதிப்பெண்ணைத் திருத்தினேன். பிறகு உண்மையான இலையைக் கொண்டுவந்து சோதனையைச் செய்தோம். அயோடின் சொட்டை விட்டது அந்த மாணவிதான். இலை கறுக்கத் தொடங்கியதும் குனிந்து பார்த்துவிட்டு, "சார், இப்ப நீலம் தெரியுது. அப்ப டிவில தெரியவே இல்ல" என்றாள். அதையே நோட்டில் எழுதச் சொன்னேன். இரண்டு வரிகளையும் எழுதினாள்.

அன்று அவள் கேட்காமல் போயிருந்தால், தன் கண்ணால் கண்டதை எழுதுவது தவறு என்று ஒன்பது பிள்ளைகள் கற்றுக்கொண்டு போயிருப்பார்கள். அறிவியல் ஆசிரியரான நானே அதைக் கற்றுக்கொடுத்திருப்பேன். உங்கள் வகுப்பில் யாராவது எதிர்பாராத நிறத்தை எழுதினால், சிவப்பு மையைத் தொடும் முன் ஒருமுறை போய்த் திரையைப் பாருங்கள்.