இருபத்தெட்டை மூன்று விதமாய் எழுதுவோம்

பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி செல்லும் பிள்ளை வீட்டில் இருந்தால் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ரோமன் எண்களை எழுதுவது எப்படி என்று இன்று கற்றுக்கொள்ளப் போகிறோம். அதற்கான எண்களை விருத்தாசலத்திலிருந்தே எடுத்துக்கொள்வோம்.

விருத்தகிரீஸ்வரர் கோயிலில் எல்லாமே ஐந்து ஐந்து என்பார்கள். கோபுரம் ஐந்து, நந்தி ஐந்து, தேர் ஐந்து. சைவ ஆகமங்கள் 28. அவற்றின் பெயரில் 28 லிங்கங்களும் அங்கே இருக்கின்றன. சுந்தரர் இங்கே பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது தலவரலாறு. 5, 28, 12,000. இந்த மூன்று எண்களும் நமக்குப் போதும்.

ரோமன் முறையில் இருப்பவை ஏழே எழுத்துகள். ஆங்கில எழுத்துகளின் பெயரால் சொல்கிறேன். ஐ என்றால் 1. வி, 5. எக்ஸ், 10. எல், 50. சி, 100. டி, 500. எம், 1000. ஒன்று, ஐந்து, பத்து, ஐம்பது என்று மாறி மாறிப் போவதைக் கவனியுங்கள். மரக்கோலில் கீறிக் கணக்கு வைத்த பழக்கத்திலிருந்து இந்த வடிவங்கள் வந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஒரு கீறல் ஐ, சாய்ந்த இரு கீறல் வி, குறுக்கே வெட்டிய கீறல் எக்ஸ்.

பெரியது முன்னால், சிறியது பின்னால், எல்லாவற்றையும் கூட்டு. இதுதான் முதல் விதி. கோயிலின் ஐந்துக்கு வெறும் வி போதும். 28க்கு எக்ஸ் எக்ஸ், அது இருபது. பிறகு வி, ஐந்து. பிறகு ஐ ஐ ஐ, மூன்று. மொத்தம் ஆறு எழுத்து.

ஒரே எழுத்தை மூன்று முறைக்கு மேல் அடுக்கக்கூடாது என்பது இரண்டாவது விதி. அப்படியானால் நான்கை எப்படி எழுதுவது? சிறிய எழுத்தைப் பெரியதற்கு முன்னால் போட்டால் கழிக்க வேண்டும். ஐ வி என்றால் நான்கு. வி ஐ என்றால் ஆறு. பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான். 99ஐ நூற்றுக்கு ஒன்று குறைவு என்று ஐ சி என எழுதிவிடுவார்கள். அது செல்லாது. ஐ நிற்பது விக்கும் எக்ஸுக்கும் முன்னால் மட்டுமே. எக்ஸ் நிற்பது எல்லுக்கும் சிக்கும் முன்னால். சி நிற்பது டிக்கும் எம்முக்கும் முன்னால். ஆகவே தொண்ணூறைத் தனியாகவும் ஒன்பதைத் தனியாகவும் எழுதுங்கள்: எக்ஸ் சி, ஐ எக்ஸ். இதுவே 99.

எந்தப் பெரிய எண்ணையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். 1945ஐ எடுப்போம். ஆயிரம், எம். தொள்ளாயிரம், சி எம். நாற்பது, எக்ஸ் எல். ஐந்து, வி. சேர்த்து எழுதினால் எம் சி எம் எக்ஸ் எல் வி. பிரிக்கத் தெரிந்தவருக்கு மனப்பாடம் தேவையில்லை.

சுந்தரரின் 12,000க்கு என்ன செய்வது? பன்னிரண்டு எம் போடலாமா? வேண்டாம். பன்னிரண்டை எழுதி, அதன் தலையில் ஒரு கோடு இழுத்தால் ஆயிரம் மடங்காகிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் ரோமன் எண்கள் இருந்தால் நான்கைப் பாருங்கள். பெரும்பாலும் நான்கு ஐ இருக்கும். அது அச்சுப்பிழை இல்லை. பழைய ரோமானியர் நான்கை இரண்டு விதமாகவும் எழுதினார்கள். கழித்தல் விதி கறாரானது பிற்காலத்தில்தான்.

இப்போது அதே 28ஐத் தமிழ் எண்ணில் எழுதுங்கள். ௨௰௮. உ போன்ற இரண்டு, ய போன்ற பத்து, அ போன்ற எட்டு. இரண்டு பத்து, எட்டு என்று எப்படிச் சொல்கிறோமோ அப்படியே எழுதுகிறோம். ரோமானியரைப் போலவே நம் முன்னோரும் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக்குறி வைத்திருந்தார்கள். ஆனால் ரோமானியர் பத்தை இரண்டு முறை அடுக்கினார்கள். நாம் பத்துக்கு முன்னால் இரண்டு என்று எழுதிப் பெருக்கினோம். அதனால் 12,000 பொன்னும் ௰௨௲ என்று மூன்றே குறியில் அடங்கிவிடுகிறது.

இந்த இரண்டு முறைகளையும் கையாண்ட மக்கள் நம் பக்கத்திலேயே சந்தித்திருக்கிறார்கள். விருத்தாசலத்துக்கு வடகிழக்கே, புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில், நாம் சற்றுமுன் எழுதிய அதே 1945ஆம் ஆண்டில் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். இத்தாலியின் அரெஸ்ஸோ பகுதி மண்பாண்டத் துண்டுகள் அங்கே கிடைத்தன. சிலவற்றில் குயவரின் பெயர் லத்தீன் எழுத்தில் முத்திரையாகப் பதிந்திருந்தது. தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடுகளும் அதே மண்ணில் கிடைத்தன. ஈரத்தில் பதித்துச் சூளையில் சுட்டது இரண்டாயிரம் ஆண்டானாலும் அழியாது என்பது செராமிக் தொழில் செய்யும் விருத்தாசலத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தத் தொழிலின் வேதியியலில் ரோமன் எண் இன்றும் புழங்குகிறது. சுட்ட களிமண் ஏன் சிவக்கிறது? மண்ணிலுள்ள இரும்பு, சூளையில் காற்று தாராளமாகக் கிடைக்கும்போது சிவப்பு ஆக்சைடாகிறது. வேதியியல் புத்தகத்தில் அந்த இரும்பின் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ரோமன் மூன்று இருக்கும். காற்றைக் குறைத்துச் சுட்டால் அந்த மூன்று இரண்டாகக் குறையும். நிறம் சாம்பலுக்கும் கருமைக்கும் போகும். அந்தச் சின்னஞ்சிறு எண்ணைப் படிக்கத் தெரிந்த மாணவருக்குச் சூளைக்குள் நடப்பது புரியும்.

நேயர்களே, ரோமன் எண்ணைக் கற்பதால் கிடைக்கும் பெரிய பயன் வேறொன்று. இருபத்தெட்டோடு ஐந்தைக் கூட்டிப் பாருங்கள். எழுத்துகளை ஒன்றாகச் சேர்த்து, இரண்டு வியை ஒரு எக்ஸாக மாற்றினால் எக்ஸ் எக்ஸ் எக்ஸ் ஐ ஐ ஐ, முப்பத்து மூன்று. எளிது. இப்போது ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். தாளில் அவ்வளவு எளிதாக வராது. அதனால்தான் ரோமானியர் கூழாங்கற்களை வரிசையாக வைத்துக் கணக்குப் போட்டு, விடையை மட்டும் எழுதினார்கள். இடத்துக்கு ஏற்ற மதிப்பு, வெறும் இடத்தைக் காக்க ஒரு சுழியம் என்ற யோசனை இந்தியாவில் மலர்ந்தது. குவாலியர் கோயில் கல்வெட்டில் 876ஆம் ஆண்டிலேயே 270 என்ற எண் சுழியத்தோடு நிற்கிறது. அந்த முறையை அரபு அறிஞர்கள் வழியாகக் கற்ற பிசா நகரத்து லியோனார்டோ, 1202இல் ஐரோப்பியருக்காக நூல் எழுதினார்.

பள்ளியில் பிள்ளை 28 என்று இரண்டே இலக்கத்தில் எழுதும்போது இந்த அருமை தெரிவதில்லை. பிற முறைகளில் எழுதிப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே ஆசிரியர்களை மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். ரோமன் எண் பாடம் வரும் நாளில் தமிழ் எண்ணையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். விருத்தாசலத்தில் களிமண்ணுக்கும் சூளைக்கும் பஞ்சமில்லை; ஒவ்வொரு பிள்ளையும் தன் பிறந்த ஆண்டை மூன்று முறையிலும் ஒரு மண்வில்லையில் கீறட்டும், பட்டறைக்காரர்கள் அதைச் சுட்டுக் கொடுக்கட்டும். இன்றிரவே உங்கள் வீட்டுப் பிள்ளையோடு தாளில் அதைத் தொடங்கிவிடுங்கள்.