கைப்பேசித் தாளமும் தமிழ் மாத்திரையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்துப் போற்றுவது மரபு. ஆயினும் இலக்கிய மேடைகளில் இயலுக்குக் கிட்டும் இடம் இசைக்குக் கிட்டுவதில்லை. அதனினும் குறைவாகவே தாளம் பேசப்படுகிறது. இந்நிலையில், கைப்பேசியில் தாளம் அமைக்கும் ஒரு செயலியைப் பற்றி இலக்கிய வட்டத்தில் பேசுவானேன் என்னும் ஐயம் எழலாம். பாட்டைத் தாங்கி நிற்பது சந்தம். சந்தத்தை அளக்கும் கோல் மாறினால் பாட்டும் மாறும். இன்று ஊர்தோறும் இளைஞர் கையில் அந்த அளவுகோல் புதிய வடிவில் வந்து சேர்ந்திருக்கிறது. அதனை ஆள்வதற்கு வேண்டிய அறிவு தமிழ் யாப்பிலும் தமிழர் தாள மரபிலும் உண்டு. அவ்வறிவின்றிக் கையாண்டால் கருவியே பாட்டை ஆளத் தொடங்கும். இதுவே இவ்வுரையின் கருத்து.

கருவியின் அமைப்பு

‘ஸ்டெப் சீக்வென்சர்’ என இசையுலகம் வழங்கும் இக்கருவியைத் ‘தாளக் கட்டம்’ எனத் தமிழில் கூறலாம். கைப்பேசித் திரையில் இடமிருந்து வலமாகப் பதினாறு கட்டங்கள் ஒரு வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வரிசையும் ஓர் ஒலிக்கு உரியது. மேல் வரிசை தொப்பியின் முழக்கம் என்றால், அடுத்தது வலந்தலையின் தட்டு, அதற்கடுத்தது கைத்தாளத்தின் சிணுங்கல் என அமைத்துக்கொள்ளலாம். விரலால் தொட்ட கட்டம் ஒளிரும். ஒளிர்ந்த கட்டத்தில் ஒலி எழும். தொடாத கட்டம் காலியாக நின்று தன் நேரத்தை மட்டும் கடத்தும். பதினாறு முடிந்ததும் கருவி மீண்டும் முதற்கட்டத்துக்குத் திரும்பும். நிமிடத்துக்கு 120 அடி என வேகம் வைத்து, அடிக்கு நான்கு கட்டம் என்று கொண்டால், ஒரு சுற்று இரண்டு வினாடியில் முடியும்.

நெசவறிந்த ஊரார்க்கு இவ்வமைப்பு புதிதன்று. கரை வேலைப்பாட்டிற்குக் கட்டத்தாளில் புள்ளியிடுவதும், அப்புள்ளிக்கேற்ப அட்டையில் துளையிட்டு ஜக்கார்டு தறியில் பூட்டுவதும் இதே முறைதான். துளை உள்ள இடத்தில் இழை எழும். இல்லாத இடத்தில் எழாது. தறி துணியில் செய்வதைத் தாளக் கட்டம் காலத்தில் செய்கிறது.

1980இல் ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் வெளியிட்ட டி.ஆர். 808 என்னும் தாளப்பெட்டி இப்பதினாறு பொத்தான் வரிசையை உலகறியச் செய்தது. 1997இல் வந்த ‘ஃப்ரூட்டி லூப்ஸ்’ அதனைக் கணினித் திரைக்குக் கொணர்ந்தது. 2011இல் அதன் வழிவந்த செயலி கைப்பேசிக்கு வந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் ‘கராஜ்பேண்டு’ கைப்பேசிச் செயலியிலும் 2017 முதல் தாளக் கட்டம் இடம்பெற்றுள்ளது. ஏ.ஆர். ரகுமான் 1989இல் கோடம்பாக்கத்தில் இல்லத்தோடு அமைத்த ஒலிப்பதிவுக் கூடத்தின் பயனை 1992இல் ‘ரோஜா’ திரைப்படத்தின் வழியே தமிழுலகம் கேட்டது. அன்று அத்தகைய கூடத்துக்குப் பெரும்பொருள் வேண்டியிருந்தது. இன்று தாளம் அடுக்கிப் பாட்டமைக்கும் அடிப்படை வசதி, இரவு ஆடை தைத்து முடித்த கையோடு கைப்பேசியைத் தொடும் தளவாய்புரத்து இளைஞருக்கும் எட்டும் தொலைவில் உள்ளது. இதனை ஒரு பேறு என்றே கொள்ள வேண்டும்.

மாத்திரையும் கட்டமும்

காலத்தைச் சம அளவாகக் கூறுபோட்டு, ஒவ்வொரு கூற்றிலும் ஒலி உண்டா இல்லையா என்று நோக்குவதே இக்கருவியின் அடிப்படை. தமிழிலக்கணம் இதனை முன்னரே அறியும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை எனத் தொல்காப்பியம் வரையறுக்கிறது. கண் இமைக்கும் பொழுதும் விரல் நொடிக்கும் பொழுதும் அதற்கு அளவாகச் சொல்லப்படுகின்றன. செய்யுளியலில் இருபது வகை வண்ணங்கள் வகுக்கப்பட்டுள்ளன. குறில் மிகுந்து வருவது குறுஞ்சீர் வண்ணம், நெடில் மிகுந்து வருவது நெடுஞ்சீர் வண்ணம் என அவற்றுட் சில ஒலியளவையே அடிப்படையாகக் கொண்டவை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலாசிரியனோடும் இசையாசிரியனோடும் தண்ணுமை ஆசிரியனின் இலக்கணத்தையும் விரித்துரைக்கிறது. தாளம் வல்லானைப் புலவனுக்கு நிகராக வைத்தெண்ணிய பண்பாடு இது.

அருணகிரிநாதரின் திருப்புகழுக்குப் பதிப்பாசிரியர்கள் தரும் சந்தக் குழிப்பு ஒருவகைத் தாளக் கட்டமே. ‘தன’ என்றால் இரண்டு, ‘தனன’ என்றால் மூன்று, ‘தனதன’ என்றால் நான்கு. தாளக் கலைஞரின் சொற்கட்டும் அவ்வாறே: தக இரண்டு, தகிட மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, தகிடதகதிமி ஏழு. சொல்லைச் சொன்னாலே எண் கைக்கு வந்துவிடும். திரையில் கட்டங்களை எண்ணித் தடுமாறும் இளைஞர், வாயால் சொற்கட்டைச் சொல்லிக்கொண்டு விரலால் தொட்டுச் சென்றால் வேலை எளிதாகும்.

பதினாறு என்னும் வேலி

செயலியைத் திறந்தவுடன் பெரும்பாலும் பதினாறு கட்டங்களே கண்ணில் படும். அவை நான்கு நான்காக நிறம் பிரிந்து நிற்கும். இது கருவியைச் செய்தோரின் இசை வழக்கம். இசையின் இயற்கை விதியன்று. மாற்றிக்கொள்ள வழி இருந்தும் பலர் மாற்றுவதில்லை. முதலில் கண்டதே முறை எனக் கொள்வது மனித இயல்பு.

இதற்கு இந்திய இசைப் பதிவு ஒன்றே சான்று. பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்து வந்த சரண்ஜித் சிங், 1982இல் ரோலண்டு நிறுவனத்தின் டி.ஆர். 808 தாளப்பெட்டி, டி.பி. 303 என்னும் அடிநாதப் பெட்டி, ஜூபிட்டர் 8 என்னும் சிந்தசைசர் ஆகியவற்றைக் கொண்டு பைரவி, லலித், மல்கவுன்ஸ் முதலிய பத்து இராகங்களைப் பதிவு செய்தார். ‘டிஸ்கோ தாளத்தில் பத்து இராகங்கள்’ என்பது அத்தட்டின் பெயரின் பொருள். அன்று அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. சிகாகோ நகரில் 1987 அளவில் ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற பெயரில் அதே டி.பி. 303 பெட்டியைக் கொண்டு ஒரு புதிய இசை தோன்றியது. 2010இல் இத்தட்டு மறுபதிப்பானபோது, அவ்விசைக்கு முன்னோடி என உலகம் வியந்தது. சரண்ஜித் சிங் 2015இல் மறைந்தார்.

அம்முயற்சியின் பெருமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. எனினும் ஒன்று நோக்கத்தக்கது. இராகம் பெட்டிக்குள் புகுந்தது, தாளம் புகவில்லை. பத்து இராகங்களுக்கும் அடியில் ஒலிப்பது டிஸ்கோவின் நான்கே. பெட்டி தந்த தாளத்தின் மேல் இராகம் ஏறி அமர்ந்தது. இன்று கைப்பேசியில் நாட்டுப்பாடல் அமைக்கும் பலரும் அதே இடத்தில்தான் நிற்கின்றனர்.

நான்கிற்குள் மூன்றை அடக்க முயன்றால் என்ன நேரும்? தளவாய்புரத்துக்குத் தெற்கே, சங்கரன்கோவில் வட்டாரத்துச் சென்னிகுளத்தில் 19ஆம் நூற்றாண்டில் தோன்றியவர் அண்ணாமலை ரெட்டியார். கழுகுமலை முருகன்மீது அவர் பாடிய காவடிச் சிந்துகளுள் பல மும்மை நடையில், அதாவது திஸ்ரத்தில், பாடப்படுகின்றன. மும்மை நடையில் ‘மலையில்’ என்னும் சொல்லை ஒலிக்கு ஒரு கட்டமாக மூன்று கட்டங்களில் வைக்கலாம். அதையே அடிக்கு நான்கு கட்டம் என்னும் வேலிக்குள் திணித்தால் ஒரு கட்டம் மிஞ்சும். மிஞ்சியதை நிரப்ப முதலெழுத்தை நீட்டினால் ‘மலையில்’ ‘மாலையில்’ ஆகிவிடும். இடம் காலமாக மாறிவிட்டது! இசையில் எழுத்து தன் அளவு கடந்து நீளலாம் என்பதைத் தொல்காப்பியமும் ஒப்புகிறது. ஆனால் பாடுவோர் பொருளறிந்து நீட்டுவது வேறு. பெட்டியில் இடம் மிஞ்சியதால் நீட்டுவது வேறு. முன்னது கலை, பின்னது பிழை.

மூன்றும் ஐந்தும் ஏழும்

வேலியை மாற்றுவது எளிது. செயலிகள் பலவற்றில் வரிசையின் நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ இயலும். பன்னிரண்டு கட்டம் வைத்தால் நான்கடி மும்மை நடை வரும். பத்து வைத்தால் கண்டசாபு. இரண்டும் மூன்றுமாகப் பிரியும். பதினான்கு வைத்தால் மிசிரசாபு. மூன்றும் நான்குமாகப் பிரியும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தை நான்மை நடையில் அமைக்க முப்பத்திரண்டு, அதாவது பதினாறின் இரு வரிசைகள் வேண்டும். ரூபகத்தின் ஆறு அட்சரத்துக்கு இருபத்து நான்கு.

பதினாறை மாற்றாமலே அதற்குள் பிற எண்களை ஆடவிடவும் மரபு வழிகாட்டும். ‘ததிகிணதொம்’ ஐந்து, மும்முறை சொன்னால் பதினைந்து. எனவே முதற்கட்டத்தைக் காலியாக விட்டு, இரண்டாவதில் தொடங்கினால், மூன்றாம் முறை சரியாகப் பதினாறில் முடியும். அடுத்த சுற்றின் முதற்கட்டத்தில் சமம் வந்து விழும். மேடையில் மிருதங்கக் கலைஞர் தீர்மானம் வைக்கும் கணக்கு இத்தகையதே. அங்கே காலியாக விட்ட முதற்கட்டம் வீணன்று. கார்வை எனவும் இடம் எனவும் கலைஞர் போற்றும் அமைதியே பின்வரும் ஒலிக்குப் பொருள் தருகிறது.

ஒரு வரிசைக்குப் பதினாறும் மற்றொன்றுக்கு ஏழும் வைத்து ஒருங்கே ஓடவிட்டால், இரண்டும் 112 கட்டங்களுக்கு ஒருமுறைதான் முதற்கட்டத்தில் சந்திக்கும். அதுவரை ஒவ்வொரு சுற்றும் புதிதாக ஒலிக்கும்.

பாட்டமைக்கும் முறையும் சுருங்கக் கூறத்தக்கது. முதலில் பாடலை வாயாற்பாடி அதன் நடையைக் கண்டறிதல் வேண்டும். பின்னரே செயலியைத் திறத்தல் வேண்டும். நடைக்கேற்ப நீளம் வைத்து, சமத்தில் கனத்த ஒலியை இட்டு, பிறவற்றை நிரப்புதல் அடுத்தது. பல்லவிக்கு ஒன்று, சரணத்துக்கு ஒன்று எனத் தனித்தனித் தாளங்களைச் சேமித்துத் தொடுக்கலாம். பிறகு காதணி ஒலிபெருக்கியில் தாளத்தைக் கேட்டுக்கொண்டே குரலைப் பதிவு செய்ய வேண்டும். அது கம்பியுள்ளதாக இருத்தல் நலம். கம்பியில்லாதது ஒலியைச் சற்றுத் தாமதித்துத் தருவதால், பாடுவோர் தாளத்துக்குப் பின்தங்குவர்.

கட்டத்துக்குள் அடங்காதவை

எல்லாவற்றையும் கட்டம் பிடித்துவிடும் என்றும் கருதலாகாது. உறுமியில் வளைந்த குச்சியைத் தேய்த்தெழுப்பும் ஒலி ஒரு புள்ளியில் நிற்பதன்று. ஓரிடத்தில் தொடங்கி வழுக்கிச் சென்று மற்றோரிடத்தில் அடங்குவது. பறையை நெருப்பில் காய்ச்சி ஏற்றிய ஒலி, ஆட்டம் நீள நீளத் தணிந்து, மீண்டும் காய்ச்சியபின் எழும். கைப்பேசியில் பதிந்த பறை தணிவதும் இல்லை, எழுவதும் இல்லை. திருவில்லிபுத்தூர்த் திருக்கோயிலின் அரையர் சேவையில் கைத்தாளம் ஒன்றே துணையாக நிற்கிறது. அங்கே தாளம் பாசுரத்தின் பொருளுக்குக் காத்து நிற்கும். தாளக் கட்டமோ எவருக்காகவும் காத்து நிற்பதில்லை. சில செயலிகளில் அடியைச் சற்றே முன்பின்னாகத் தள்ளவும், ஒலியின் வன்மை மென்மையைக் கட்டந்தோறும் மாற்றவும் வசதி உண்டு. அவை கலைஞரின் கையை அணுக முயல்வன. அக்கையாக ஆவன அல்ல.

கலைஞரின் நிலை

இவ்விடத்தில் ஒரு வினாவைத் தவிர்க்க இயலாது. இக்கருவி வளர்ந்தால் தவிலும் உறுமியும் பறையும் வாசிப்போர் வாழ்வு என்னாகும்? கோயில்கள் பலவற்றில் பூசைவேளையில் மின்விசையால் இயங்கும் முரசும் மணியும் ஒலிப்பதை யாவரும் கேட்டிருப்பர். அவ்வெந்திரத்தின் சக்கரம் தெரிந்தது ஒரே சுற்று. எந்நாளுக்கும் எவ்வேளைக்கும் அதுவே தாளம். ஆள் வேண்டாம் என்னும் வசதிக்காக வேளைக்கொரு முறையாக வாசிக்கும் அறிவு இழக்கப்பட்டது. கைப்பேசிச் செயலியையும் ஆளுக்கு மாற்றாகக் கொண்டால் விளைவு இதுவே.

மாற்றாகக் கொள்ளாமல் கற்கும் பலகையாகக் கொண்டால் விளைவு வேறு. செயலிகளில் முதலில் கிடைக்கும் ஒலிகள் பெரும்பாலும் மேல்நாட்டு முழவுத் தொகுதியினுடையவை. கைப்பேசியின் ஒலிவாங்கியால் உள்ளூர்க் கலைஞரின் ஒவ்வோர் அடியையும் பதிந்து கட்டத்தில் இடுவது இயலும். ஆனால் அக்கலைஞரின் இசைவு பெற்று, உரிய ஊதியம் தந்து, பெயரையும் பொறித்தே அதனைச் செய்தல் வேண்டும். பதினான்கு கட்டத்தில் மிசிரம் அமைத்துப் பழகிய இளைஞர், திருவிழாவில் நையாண்டி மேளம் கேட்கும்போது இரைச்சலைக் கேளார், கணக்கைக் கேட்பார். கணக்குத் தெரிந்த செவி கலைஞரைத் தேடிச் செல்லும்.

முடிவுரை

பத்தாண்டு கண்ட இலக்கிய வட்டம் இனிச் செய்யத்தக்க பணிகளுள் மூன்றை முன்வைக்கலாம். யாப்பு வகுப்போடு சொற்கட்டு வகுப்பையும் நடத்துதல் ஒன்று. வட்டாரத்துத் தாளக் கலைஞரை அவைக்கு அழைத்து, அவர்தம் நடைகளைப் பெயரோடும் எண்ணோடும் பதிந்து வைத்தல் இரண்டு. சந்தப்பாட்டு எழுதும் இளைஞரும் செயலியில் தாளம் அமைக்கும் இளைஞரும் ஒருவரையொருவர் அறியச் செய்தல் மூன்று.

கட்டம் காலியாகத்தான் கைக்கு வருகிறது. அதில் எத்தனை கட்டம் என்பதையும் எதில் ஒலி, எதில் அமைதி என்பதையும் தொடுபவரே முடிவு செய்ய வேண்டும். அம்முடிவை எடுக்கும் ஆற்றல் மாத்திரை அறிந்த மொழியினருக்கு உண்டு.