பிரசவ அறைக்கு ஒரு விளக்கு
(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சூரிய மின்சாரம் பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அதனால் பிரசவ அறையிலிருந்துதான் என்னால் பேச முடியும்.

இடுப்பு வலி ராத்திரி பகல் பார்த்து வருவதில்லை. பிள்ளை பிறந்த பிறகு தாய்க்கு எவ்வளவு ரத்தம் போகுது, எங்கே கிழிந்திருக்கு, குழந்தை நீலம் பாரிச்சிருக்கா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். உலகத்தில் பிரசவத்தில் இறக்கும் தாய்மார்களில் அதிகம் பேர் ரத்தப்போக்கால்தான் இறக்கிறாங்க. அந்த நேரத்தில் விளக்கு இல்லை என்றால், கைத்திறமை இருந்தும் என்ன பயன்?

நம்பகமான மின்சாரம் இல்லாத, அல்லது மின்சாரமே இல்லாத மருத்துவமனைகளை நம்பி ஏறக்குறைய 100 கோடி பேர் இருக்காங்க என்று உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. எல்லாம் ஏழை நாடுகளில்தான்.

2008-இல் லாரா ஸ்டாச்செல் என்ற அமெரிக்கப் பிரசவ மருத்துவர் வட நைஜீரியாவுக்குப் போனார். தாய்மார்கள் ஏன் இவ்வளவு பேர் இறக்கிறாங்க என்று ஆராயத்தான் போனார். அங்கே கரண்ட் போய்விட்டால் மருத்துவர்கள் டார்ச் வெளிச்சத்தில் அறுவை செய்வதைப் பார்த்தார். அவர் கணவர் ஹால் அரோன்சன் சூரிய மின்சாரம் கற்றுக்கொடுப்பவர். அவர் ஒரு சூட்கேஸுக்குள் அடங்கும்படி ஒரு சின்ன அமைப்பைச் செய்து கொடுத்தார். பிரசவத்துக்கான எல்.இ.டி. விளக்கு, தலையில் மாட்டும் விளக்கு, பேட்டரி, செல்போன் சார்ஜ் போடும் இடம் எல்லாம் அதில் உண்டு. பின்னாளில் சிசுவின் இதயத்துடிப்பு கேட்கும் கருவியும் சேர்ந்தது. இன்று அந்த மஞ்சள் பெட்டி பல நாடுகளின் சின்னச் சின்ன பிரசவ நிலையங்களில் வேலை செய்கிறது.

நம்ம நாட்டிலேயே சத்தீஸ்கரில் நூற்றுக்கணக்கான ஆரம்ப சுகாதார நிலையங்களின் கூரையில் அரசே சோலார் பலகை போட்டது. கரண்ட் தட்டுப்பாடு உள்ள நிலையங்களில், சோலார் இருக்கும் இடத்தில் இல்லாத இடத்தைவிட மாதப் பிரசவங்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று 2017-இல் வந்த ஆய்வு காட்டியது. வெளிச்சம் இருக்குன்னு தெரிந்தால் பெண்கள் தைரியமாக வர்றாங்க.

ஆனால் சகோதரிகளே, பலகை மாட்டுவதோடு வேலை முடிவதில்லை. பலகை 20, 25 வருஷம் உழைக்கும். சாதாரண பேட்டரி நாலைந்து வருஷம்தான். தூசி துடைக்கணும், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றணும், வயர் பார்க்கணும். புது பேட்டரிக்குப் பணம் யாரும் ஒதுக்கவில்லை என்றால் கூரையில் கண்ணாடிதான் மிஞ்சும். தானம் கொடுத்தவர் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார், மறுபடி மெழுகுவர்த்திதான்.

இந்த இடத்தில் நமக்குத் தெரிந்த ஒன்று இருக்கு. மாதா மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்து, கணக்கு எழுதி, பெரிய செலவு வரும்போது எடுப்பது. ராஜஸ்தானில் திலோனியா கிராமத்து பேர்ஃபுட் கல்லூரி, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளை ஆப்பிரிக்காவிலிருந்தும் வரவழைத்து ஆறு மாதத்தில் சோலார் பொறியாளர் ஆக்கியது. மொழி தெரியாது, நிறம் பார்த்தும் சைகை பார்த்தும் கற்றுக்கொண்டாங்க. ஊர் திரும்பி வீடுகளுக்கு விளக்கு போட்டாங்க. பராமரிப்புக்கு ஊர்க் குழு மாதம் மாதம் வசூல் செய்தது. வீட்டு விளக்குக்கு முடிந்தது மருத்துவமனை விளக்குக்கு முடியாதா?

அதனால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, சிஸ்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்க. ராத்திரி கரண்ட் போனால் பிரசவ அறையில் எது எரியும்? அந்த பேட்டரியை மாற்றும் பணம் யார் கணக்கில் இருக்கு? பதில் வரவில்லை என்றால், அதைக் குழுத் தீர்மானமாக எழுதி ஊராட்சிக்குக் கொடுங்க. தீர்மானம் எழுதுவது நமக்குப் புதுசா என்ன?