பட்டத்திற்குப் பின் ஒரு பாலை

பத்தாண்டு நிறைவுகாணும் இவ்விலக்கிய வட்டத்தின் விழாவுக்கு எடுத்துக்கொண்ட பொருள், விழா மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒன்று. முனைவர் பட்டம் பெற்றும் பணி கிடைக்காது நிற்கும் ஆய்வாளரின் ஊக்கம் எதனால் குன்றுகிறது, எதனால் நிலைக்கிறது என்பதே அது.

வாய்மொழித் தேர்வு முடிந்த நாளில் துறையில் பொன்னாடை போர்த்துவர், இனிப்பு வழங்குவர். மறுநாள் முதல் ஒவ்வொன்றாக நீங்கத் தொடங்கும். உதவித்தொகை நின்றுவிடும். விடுதி அறையைக் காலிசெய்ய வேண்டும். நூலக அட்டையைத் திருப்பித் தரவேண்டும். நெறியாளரோ அடுத்த மாணவரின் இயல்களைத் திருத்தச் சென்றுவிடுவார். நான்கைந்து ஆண்டுகள் ஒருவரை நாள்தோறும் மேசைக்கு அழைத்து வந்த கட்டுகள் யாவும் சில வாரங்களில் அறுந்து விழுகின்றன. அதன்பின் எழுத்து ஓடவில்லையெனில், அவர் அதனைத் தம் மடி என்றே எண்ணி நாணுகிறார். சுற்றத்தாரும் அவ்வாறே எண்ணுகின்றனர்.

இவ்விடத்தில் தமிழ் அகமரபு துணைக்கு வருகிறது. பாலைக்கெனத் தனிநிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் கோடையின் வெம்மையில் வளம் குன்றும்போது அவையே பாலையாகின்றன என்பது மரபு. மழை பெய்தால் அதே மண் மீண்டும் தளிர்க்கும். பாலைக்கு உரிய ஒழுக்கம் பிரிவு. பட்டம் பெற்றவரின் வறட்சியும் பிரிவால் வந்ததே. கேட்பாரையும் படிப்பாரையும் விட்டுப் பிரிந்த அறிவு வாடுகிறது. எனவே அவருக்கு முதலில் வேண்டுவது அறிவுரையன்று. அறுந்த உறவுகளுள் ஒன்றேனும் மீண்டும் பிணைக்கப்பட வேண்டும்.

இதற்கு நாடும் துறையும் கடந்த சான்று ஒன்றுண்டு. செருமனியின் எர்லாங்கன் நகரில் 1882இல் பிறந்த எம்மி நோதர், 1907இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பெண்ணுக்குப் பல்கலைக்கழகப் பதவி மறுக்கப்பட்ட காலம் அது. 1908 முதல் 1915 வரை அங்கேயே ஊதியமின்றி உழைத்தார். பேராசிரியராயிருந்த தந்தையார் உடல்நலம் குன்றியபோது அவருக்காக வகுப்பெடுத்தார். 1915இல் ஹில்பர்ட், கிளைன் ஆகிய பெருங்கணிதர் இருவர் அவரைக் கோட்டிங்கனுக்கு அழைத்தனர். அங்கும் எதிர்ப்பு எழுந்தது. அவருடைய விரிவுரைகள் ஹில்பர்ட்டின் பெயரிலேயே அறிவிக்கப்பட்டன. இன்றைய இயற்பியலின் அடித்தளங்களுள் ஒன்றாகிய நோதர் தேற்றம் 1918இல் அச்சேறியபோதும் அவருக்குச் சம்பளம் இல்லை. விரிவுரையாற்றும் உரிமை 1919இலும், சிறு ஊதியம் 1923இலும் கிட்டின. பட்டம் பெற்றுப் பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

அப்பதினாறு ஆண்டுகளை அவர் கடந்தது எவ்வாறு? விடையின் ஒரு பகுதி ஓர் அஞ்சலட்டையில் இருக்கிறது. எர்லாங்கனுக்கு 1911இல் வந்து சேர்ந்த எர்ன்ஸ்ட் ஃபிஷர் என்னும் கணிதருடன் நோதர் இடையறாது கருத்தாடினார். விரிவுரை முடிந்த பின்னரும், விட்ட இடத்திலிருந்து தொடரும் கணிதச் சிந்தனைகளை அஞ்சலட்டைகளில் எழுதி அவருக்கு அனுப்பினார். பதவி தராத ஊர் ஒரு வாசகரைத் தந்தது. அந்த உரையாடலில்தான் அவருடைய ஆய்வு பழைய கணக்கீட்டு முறையை விட்டுப் புதுநெறிக்குத் திரும்பியது.

இவ்வரலாற்றைக் கூறுவோர் ஒன்றை மறைத்தல் ஆகாது. அந்த ஆண்டுகளில் நோதரைக் குடும்பம் தாங்கியது. ஆகவே, ஊதியமற்ற உழைப்பைத் தவமெனப் புகழ்ந்து, கைமாற்று வாங்கி மாதத்தை நகர்த்தும் ஆய்வாளருக்கு அதனை எடுத்துக்காட்டாக நீட்டுவது கொடுமை. பசி ஊக்கத்தை வளர்ப்பதில்லை.

தாங்குவார் இல்லாதவர்க்கு வேறொரு வழியைத் தமிழகமே காட்டியுள்ளது. மயிலை சீனி. வேங்கடசாமி சென்னையில் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே 'பௌத்தமும் தமிழும்' (1940), 'சமணமும் தமிழும்' (1954) ஆகிய நூல்களை எழுதினார். முனைவர் பட்டமோ பல்கலைக்கழகப் பதவியோ அவருக்கு இல்லை. எனினும் அத்துறையில் ஆய்வு செய்ய வரும் மாணவர் அவர் நூல்களைத் தொடாமல் மேற்செல்ல இயலாது. பிழைப்புக்கு ஒரு தொழில், உள்ளத்துக்கு ஓர் ஆய்வு என வாழ்வதில் இழுக்கில்லை என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகிறது. துணிக்கடையில் கணக்கெழுதும் முனைவரும், போட்டித் தேர்வுப் பயிற்சி நிலையத்தில் பாடம் நடத்தும் முனைவரும் தம் பட்டத்தை மறைத்துப் பேச வேண்டியதில்லை.

பட்டத்தைப் பதவிக்கான நுழைவுச்சீட்டாகக் கருதுவோர்க்கு இக்காலம் வேறு செய்தி சொல்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்த திருத்தத்தின்படி, உதவிப் பேராசிரியர் பணிக்குத் தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகளில் தேறியிருத்தலே குறைந்த அளவுத் தகுதி. முனைவர் பட்டம் கட்டாயமன்று. அவ்வாறாயின் பட்டத்தின் பயன் யாது? ஒரு வினாவைப் பல ஆண்டுகள் கைவிடாது பற்றி நின்ற பயிற்சியே அதன் பயன். அப்பயிற்சியை எவரும் திரும்பப் பெற்றுக்கொள்ள முடியாது.

அதனைக் காக்கும் வழிகள் எளியவை. ஆய்வேட்டை முழுநூலாக்கும் பெருங்கனவை ஒத்திவைத்து, ஓர் இயலைப் பத்துப் பக்கக் கட்டுரையாகச் சுருக்கலாம். நாளுக்கு ஒரு மணி நேரம் போதும்; ஆனால் அது நிலையான நேரமாக இருத்தல் வேண்டும். பதவி கேளாது ஆய்வாளரை ஏற்கும் நூலகங்களும் உண்டு. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ஒருவர் தம் வாழ்நாளில் திரட்டிய நூல்களிலிருந்து எழுந்ததே. ஆய்வுலகுக்கு அவர் அளித்த கொடைக்குப் பதவி தேவைப்படவில்லை.

எஞ்சியது இவ்வட்டம் போன்ற அமைப்புகளின் கடமை. அழைப்பிதழில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே பதவியும் கல்லூரியும் அச்சாகின்றன; பணியற்ற முனைவரின் பெயருக்குக் கீழே வெற்றிடம் நிற்கிறது. அவ்விடத்தில் அவருடைய ஆய்வேட்டின் தலைப்பை அச்சிடலாம். "எங்கே வேலை?" என்பதற்கு முன் "இப்போது என்ன ஆராய்கிறீர்கள்?" என வினவலாம். திங்கள்தோறும் நிகழும் கூட்டத்தில் அரைமணி நேரத்தை அத்தகையோர்க்கு ஒதுக்கி, தேதியை முன்னரே குறித்து, பேருந்துக் கட்டணத்தையும் வட்டமே அளிக்கலாம். குறித்த நாள் ஒன்று இருந்தால் கட்டுரை எழுதப்படும். கேட்க இருபது பேர் இருந்தால் அடுத்த கட்டுரையும் பிறக்கும்.

பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்திலேயே இது தொடங்குமாயின், அதுவே இப்பத்தாண்டு விழாவின் பயனாகும்.