தொழிலாளர் வாத்தியத்தை மறவாதவர்



2025 ஜனவரியில், தமது 89ஆம் வயதில், எல்கார் ஹோவார்த் என்ற ஆங்கிலேய இசைவாணர் மறைந்தார். பால்மரம் சீவிப் பிழைத்த நமக்கும் அவருக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு உண்டு. அவர் தொழிலாளர் வாத்தியக் குழுவில் வளர்ந்தவர்; புகழ் வந்த பின்னும் அதை மறவாதவர்.

இங்கிலாந்தின் வட பகுதியில் ஆலைதோறும், சுரங்கந்தோறும் பித்தளை வாத்தியக் குழுக்கள் இருந்தன. ஏறக்குறைய 25 பேர் ஊதுவார்கள், சிலர் முழக்குவார்கள். பகலெல்லாம் பாடுபட்டவர்கள் மாலையில் கூடிப் பயிற்சி செய்வார்கள். அத்தகைய தொழிற்சாலைக் குழு ஒன்றை நடத்தியவர் ஹோவார்த்தின் தந்தை. மகனும் சிறு வயதிலேயே அதில் சேர்ந்து ஊதினார். பின்னர் லண்டன் சென்று பெரிய இசைக்குழுக்களில் டிரம்பெட் வாசித்தார். 1978இல் லிகெட்டியின் இசை நாடகம் ஸ்டாக்ஹோமில் அரங்கேறியபோது அதை நடத்தியவரும் அவரே.

அப்படிப்பட்டவர் 1972இல் யார்க்‌ஷயர் நிலக்கரிச் சுரங்க ஊராகிய கிரைம்தோர்ப்புக்கு வந்தார். அங்கே தொழிலாளரின் ஓய்வு நேரத்துக்கென 1917இல் அமைந்த குழு இருந்தது. "இவர்களுக்கு எளிய மெட்டுகள் போதும்" என்று அவர் நினைக்கவில்லை. பெரிய இசையமைப்பாளர்களை இவர்களுக்கென்றே எழுத வைத்தார். 1973இல் ஹாரிசன் பர்ட்விசில் எழுதிய இசை அந்த ஊரின் பெயரையே தாங்கியது. 1974இல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தின் புகழ்பெற்ற கோடைக்கால இசை விழாவில் முதன்முதலாகப் பித்தளை வாத்தியக் குழுக்கள் ஏறின. அவற்றுள் ஒன்று கிரைம்தோர்ப்!

பிறகு சோதனை வந்தது. 1984-85இல் சுரங்கத் தொழிலாளர் ஓராண்டுக் காலம் வேலைநிறுத்தம் செய்து தோற்றனர். 1992 அக்டோபரில் 31 சுரங்கங்களை மூடப் போவதாக அறிவிப்பு வந்தது. கிரைம்தோர்ப்பும் அதில் அடக்கம். சில நாட்களில் அதே ஆல்பர்ட் மண்டபத்தில், வேறொருவர் தலைமையில், அக்குழு தேசியப் போட்டியில் முதற்பரிசு வென்றது. கோப்பை கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. 1993இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஆனால் குழுவை யாராலும் மூட முடியவில்லை. இன்றும் அது அதே பெயரில் வாசித்து வருகிறது.

தோழர்களே! வாத்தியம் சோறு போடாது என்பது நமக்குத் தெரியும். கூலிக்கும் வீட்டுக்கும் போராடச் சங்கம்தான் வேண்டும். ஆனால் சங்கத்துக்கு ஒன்றுபட்ட மக்கள் வேண்டுமே! நம் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் வீட்டுமனைகளாக மாறியபோதும், வேலையோடு லயமும் போயிற்று. கூடி உட்கார்ந்த திடலும் போயிற்று. சிதறிய மக்களைச் சேர்த்து வைத்தவற்றுள் உறுமியும் தப்பும் உண்டல்லவா?

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இதுதான். நம்மிடம் உள்ள வாத்தியத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்போம். தொழிலாளிக்கு இது போதும் என்று குறைத்துக் கொடுக்காமல், உயர்ந்ததையே கொடுப்போம். ஹோவார்த்துக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!