காணிக்குத் தேய்மானம் இல்லையா?



கணக்கியல் படிக்கிறவர்களுக்கு முதலாம் ஆண்டிலேயே ஒரு விதி சொல்லித் தருவார்கள். கட்டடத்துக்குத் தேய்மானம் உண்டு, இயந்திரத்துக்கு உண்டு, வாகனத்துக்கு உண்டு, காணிக்கு இல்லை. முப்பது வருடமாக நானும் அப்படித்தான் கணக்கு எழுதி வருகிறேன். எங்கள் சொந்தத் தோட்டத்திலேயே அந்த விதி பொய்த்துப் போனதை 2023இல் ஊருக்குப் போனபோது கண்டேன்.

உரும்பிராய்ப் பக்கம் அப்பா விட்டுப்போன எட்டுப் பரப்புச் செம்மண் தோட்டம் அது. போர் முடிந்த பிறகு வருடக் குத்தகைக்குக் கொடுத்து வந்தோம். யார் கூடத் தருகிறாரோ அவருக்கு. வரும் காசு கோயில் திருவிழாவுக்குப் போகும். புண்ணியமும் கிடைக்கிறது, காணியும் பற்றை பிடிக்காமல் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தோம்.

அப்பாவின் காலத்தில் மண்வெட்டி போட்டால் பொலபொலவென்று வரும் மண், கட்டிபட்டுக் கிடந்தது. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுத்தேன். நைத்திரேற்று அளவுக்கு மேல் என்று முடிவு வந்தது. குத்தகைக்குச் செய்கிற அண்ணையிடம், "ஏன் அண்ணை, இப்ப குழை தாட்கிறேல்லையோ?" என்று கேட்டேன்.

"தம்பி, குறை நினையாதையுங்கோ. இந்த வருசம் காணி என்னட்டை இருக்கு. வாற வருசம் ஆரட்டைப் போகுமோ தெரியாது. நான் குழை தாட்டால் பலனை வேறை ஆரோ எடுப்பினம். யூரியா போட்டால் இந்தப் போகத்திலையே எனக்குக் கிடைக்கும்" என்றார்.

அவரில் பிழை இல்லை. அப்படிச் செய்ய வைத்தது எங்கள் குத்தகை.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைதான் பெரிய வரவு. அந்த நீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கடல் நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. அதையே குடிக்கிறோம், அதையே தோட்டத்துக்கு இறைக்கிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலே ஏறும். அந்த நீரை இறைத்தால் உப்பு மண்ணில் தங்கிவிடும்.

செம்மண் தண்ணீரை வேகமாகக் கீழே விடும். உக்கிய எருவும் குழையும் மண்ணில் இருந்தால் ஈரத்தையும் பசளையையும் பிடித்து வைத்திருக்கும். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. பயிர் எடுக்காமல் மிஞ்சுவதில் ஒரு பங்கு நைத்திரேற்றாகி, இறைக்கும் நீரோடு கிணற்றுக்கே திரும்புகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதைத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றல் குறையும். எங்கள் கிணறுகளில் இது கூடுகிறது என்று 1980களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. அப்போது எங்கள் தோட்டக்காரர் தலை நிமிர்ந்தார்கள். அந்த வருமானத்தில் படித்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே பசளையே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. விளைச்சல் விழுந்தது; நவம்பரில் தடையை விலக்க வேண்டி வந்தது. பல வருடம் எடுத்ததை ஒரே போகத்தில் மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

கணக்காளன் பாஷையில் சொன்னால், நாங்கள் வட்டி என்று நினைத்து முதலையே எடுத்துச் செலவழித்திருக்கிறோம்.

அந்த அண்ணையோடு புதிதாக ஐந்து வருடக் குத்தகை எழுதினோம். தொகையை மூன்றில் ஒரு பங்கு குறைத்தோம். பதிலாக, வருடத்தில் ஒருமுறை சணல் விதைத்து, பூக்கும் பருவத்தில் மண்ணோடு உழுதுவிட வேண்டும். சணல் வேர் முடிச்சுகளால் காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கும் பயிர். மாட்டெருச் செலவில் பாதி எங்களுடையது. மண்ணைப் பரிசோதித்து, விவசாயப் போதனாசிரியர் சொல்லும் அளவுக்கு யூரியாவைப் படிப்படியாகக் குறைப்பது என்றும் எழுதிக்கொண்டோம். கோயிலுக்குக் குறைகிற காசை நாங்கள் இங்கிருந்து போடுகிறோம்.

அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. மண் கொஞ்சம் இளகியிருக்கிறது, இறைப்புக்கு இறைப்பு ஒருநாள் கூடத் தாங்குகிறது என்று அண்ணை தொலைபேசியில் சொல்கிறார். கிணற்று நீர் இன்னும் மாறவில்லை. பக்கத்துத் தோட்டங்களின் நீரும் அதே கல்லுக்குள்தான் இறங்குகிறது. ஒரு வீட்டார் மட்டும் திருந்தி அது சரிவராது.

நேயர்களே, உங்களில் பலருக்கும் ஊரில் ஒரு துண்டுக் காணி இருக்கும். அடுத்தமுறை குத்தகைக் காசு எவ்வளவு என்று கேட்கும்போது, மண் எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். தோட்டம் செய்கிறவருக்கு நாலைந்து வருட உறுதி கொடுங்கள். எங்கள் பிள்ளைகள் அங்கே திரும்பிப் போவார்களோ தெரியாது. ஆனால் அந்த அண்ணையின் பேரப்பிள்ளைகள் அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளப் போகிறார்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.